மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க!

இதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக்கிட்டு வாங்க. காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரை, எதுவானாலும் சரி. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பாருங்க. பொடி எழுத்தில் நான்கு விவரங்கள் அச்சாகி இருக்கும். தயாரித்த மாதம், காலாவதி மாதம், அதிகபட்ச சில்லறை விலை. இந்த மூன்றும் நமக்குப் பழக்கமானவை. நான்காவதாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று இருக்கும். அதுதான் பேட்ச் நம்பர்.

உங்க கையில் இருக்கிற அட்டை பாதியாக வெட்டப்பட்டு, அந்த நம்பரே அதில் இல்லையா? அதையும் கவனத்தில் வைத்துக்கோங்க. இன்றைக்கு நாம் பேசப் போகிற விஷயத்தில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மெடிக்கல் கடைகளில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது, பார்கோடு இருக்கிறது, கியூஆர் குறியீடு இருக்கிறது. நம்ம கையிலும் செல்போன் இருக்கிறது. மருந்து வாங்குவதில் இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும், அதில் பெரும்பகுதி தொங்கிக்கொண்டு இருப்பது இந்த ஒரு நம்பரில்தான். அது எப்படி, அதை வைத்து நீங்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்த உரை.

ஒரு ஈடு இட்லி மாதிரி

பேட்ச் என்றால் என்ன? இட்லி ஊற்றும்போது ஈடு என்று சொல்கிறோம் இல்லையா, அது மாதிரி. ஒரே சுற்றில், ஒரே மூலப்பொருட்களை வைத்துத் தயாரான மருந்துகள் எல்லாம் ஒரு பேட்ச். ஒரு ஈடு சரியாக வேகவில்லை என்றால் அந்த ஈட்டைத்தான் ஒதுக்கி வைப்போம். மாவு முழுவதையும் கொட்ட மாட்டோம். மருந்திலும் அப்படித்தான். ஒரு பேட்ச் தரம் குறைந்தது என்று ஆய்வகத்தில் தெரிந்தால், அந்த நம்பரைச் சொல்லித்தான் விற்பனையை நிறுத்துவார்கள். மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரம் குறைந்தவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் மருந்தின் பெயரோடு பேட்ச் நம்பரும் இருக்கும்.

இது ஏதோ அலுவலக விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்க. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். சந்தேகம் கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தின் மீது விழுந்தது. அது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருப்பது தெரிந்தது. இது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கரைப்பான். மருந்தில் இந்த அளவில் இருக்கவே கூடாதது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிர் போனது.

அந்த நாட்களில் பல மாநிலங்கள் வெளியிட்ட எச்சரிக்கையில் முக்கியமாக இருந்தது ஒரு பேட்ச் நம்பர்: எஸ்ஆர்-13. தயாரிப்பு 2025 மே, காலாவதி 2027 ஏப்ரல். இதில் ஒன்றைக் கவனியுங்க. காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தது. ‘எக்ஸ்பைரி டேட் பார்த்துத்தான் வாங்கினேன்’ என்று ஒருவர் சொன்னால், அது அந்தக் குழந்தையைக் காப்பாற்றி இருக்காது. ஆனால் வீட்டில் இருக்கிற பாட்டிலை எடுத்து, பேட்ச் நம்பரைப் பார்த்த ஒரு தாயால், அடுத்த வேளை மருந்தை நிறுத்தி இருக்க முடியும். அந்த நம்பரின் மதிப்பு அவ்வளவு.

கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர்

மெடிக்கலில் நாம் சீட்டை நீட்டுகிறோம். கடைக்காரர் மருந்தின் பெயரில் முதல் மூன்று, நான்கு எழுத்துகளைத் தட்டுகிறார். திரையில் பட்டியல் வருகிறது. எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை இருப்பு, எந்த பேட்ச், எப்போது காலாவதி, என்ன விலை என்று எல்லாம் தெரிகிறது. மொத்த விற்பனையாளரிடம் இருந்து சரக்கு வந்து இறங்கும்போதே பேட்ச் நம்பரோடுதான் பதிவு செய்வார்கள். அதனால் அடுத்த மூன்று மாதத்தில் காலாவதி ஆகப்போகிற மருந்துகள் எவை என்று ஒரு பட்டனில் பார்த்து, திருப்பி அனுப்ப முடிகிறது. முன்பு இதற்கு ஒரு ஆள் ஏணியில் ஏறி ஒவ்வொரு டப்பாவாகப் பார்க்க வேண்டி இருந்தது.

ஒரு பேட்ச் மீது தடை வந்தால், அந்த நம்பரைத் தட்டினால் போதும். கடையில் எத்தனை பாக்கி, எந்த பில்லில் விற்றது என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். பில்லில் உங்க பெயரும் போன் நம்பரும் இருந்தால், உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியும். ‘பில் எல்லாம் வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிட்டு வந்தால்? கடைக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த ஒரே தொடர்பு அங்கேயே அறுந்துவிடுகிறது.

இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒரே மாதிரி தொடங்கும் மருந்துப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. பட்டியலில் ஒரு வரி மாறி அழுத்தினால் வேறு மருந்து வந்துவிடும். ஒரே மருந்திலேயே 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று அளவுகள் உண்டு. இதைச் சரிபார்க்க வேண்டியது மனிதக் கண்தான். அதனால் மருந்தைக் கையில் வாங்கியதும் சீட்டு, பில், அட்டை மூன்றிலும் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்க. பின்னால் நிற்பவர் அரை நிமிஷம் காத்திருக்கட்டும்.

அரசு மருத்துவமனை மருந்துக்கும் நம்பர் உண்டு

அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குகிற மாத்திரைக்கு இதெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறை அதோடு வந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு எடுத்தாகிவிட்டது என்று அதில் வரவு வைப்பார்கள். கிடங்கு இருப்பைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் வழக்கமும் அந்தத் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. நம்மில் பலர் கம்ப்யூட்டரையே பார்க்காத காலம் அது.

கிடங்குக்கு வந்த மருந்து உடனே மருத்துவமனைக்குப் போய்விடாது. முதலில் தனியாக ஒதுக்கி வைத்து, மாதிரி எடுப்பார்கள். தயாரிப்பாளர் யார் என்று தெரியாதபடி அடையாளங்களை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பேட்ச் மட்டும்தான் வெளியே போகும். ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டையைக் கடையில் யாராவது விற்றால், அது புகார் செய்ய வேண்டிய குற்றம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த அட்டைகளிலும் பேட்ச் நம்பர் இருக்கும். காசு கொடுக்காத மருந்து என்பதற்காக அட்டையைக் கவனிக்காமல் டப்பாவில் பிரித்துப் போட்டுவிடாதீங்க.

கியூஆர் சொல்வதும் சொல்லாததும்

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்பனையாகும் 300 மருந்து பிராண்டுகளின் மேல் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அட்டையில் இடம் போதவில்லை என்றால், வெளிப்பெட்டியில் இருக்கும். செல்போன் கேமராவையோ ஸ்கேனர் செயலியையோ அதன் மேல் காட்டினால் எட்டு விவரங்கள் வர வேண்டும். தனித்துவக் குறியீடு, மருந்தின் பொதுப்பெயர், பிராண்டு பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பு உரிம எண்.

ஸ்கேன் பண்ணி ‘ஏதோ வந்தது’ என்று நிறுத்திவிடாதீங்க. திரையில் வந்த பேட்ச் நம்பரும் அட்டையில் அச்சாகி இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்க. காலாவதித் தேதியையும் ஒப்பிடுங்க. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மருந்தைச் சாப்பிடாமல் கடைக்காரரிடம் காட்டுங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கியூஆர் குறியீடு, மருந்தின் மேல் என்ன எழுதி இருக்கிறது என்பதைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும். படத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கலாம். எனவே கியூஆர் இருந்தால் கவனிக்கத் தேவையில்லை என்று நினைக்காதீங்க. நீங்க ஸ்கேன் பண்ணும்போது வங்கி விவரம், ஓடிபி என்று எதையாவது கேட்கும் பக்கம் திறந்தால் உடனே மூடிவிடுங்க. மருந்தைச் சரிபார்க்க ஓடிபி எதற்கு?

கத்தரிக்கோல் விழும் இடம்

இப்போது வெட்டப்பட்ட அட்டைக்கு வருவோம். ‘அண்ணா, நாலு மாத்திரை மட்டும் கொடுங்க.’ இது நாம் எல்லாரும் சொல்வதுதான். முழு அட்டை வாங்கப் பணம் இல்லாமல் இருக்கலாம். டாக்டர் இரண்டு நாளைக்கு மட்டும் எழுதி இருக்கலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் கத்தரிக்கோல் எங்கே விழுகிறது என்பதுதான் பிரச்சினை. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகி இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். நம்ம கைக்கு வருவது பெயரும் இல்லாத, தேதியும் இல்லாத நான்கு மாத்திரை.

தொழிற்சாலையில் இருந்து கிடங்கு, மொத்தக் கடை, மெடிக்கல் என்று இத்தனை கம்ப்யூட்டர்கள் பத்திரமாகத் தூக்கி வந்த நம்பர், கடைசி இரண்டடி தூரத்தில் தொலைந்து போகிறது. இதைத் தடுக்க எந்தச் செயலியும் தேவையில்லை. வெட்டுவதற்கு முன்னாடி, ‘ஒரு நிமிஷம் அண்ணா’ என்று சொல்லி அட்டையின் பின்பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அல்லது பேட்ச் நம்பரும் காலாவதியும் இருக்கும் பில் கேட்டு வாங்குங்க. பில்லையும் போட்டோ எடுங்க. ஏன் என்றால் கடைகளில் தரும் பல பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாள்கள். சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாள் ஆகிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் மாத்திரைகளைப் பிரித்து வாராந்திர டப்பாவில் போட்டு வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். காலி அட்டையை மட்டும் அந்த வாரம் முடியும் வரை தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்க.

விலை பார்க்க, கடை தேட

மருந்தின் பேட்ச் நம்பரைப் போலவே இன்னொரு விவரமும் அட்டையில் ஒளிந்து கிடக்கும். அது பொதுப்பெயர். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். டோலோ 650 என்பது கம்பெனி பெயர். உள்ளே இருப்பது பாராசிட்டமால் 650 மில்லிகிராம். இந்தப் பொதுப்பெயர் தெரிந்தால் விலையை ஒப்பிடலாம்.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ என்ற செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் விலையும், அதே மருந்தின் மற்ற பிராண்டுகளும் வரும். பில்லில் இருக்கும் தொகை அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டக் கூடாது. மக்கள் மருந்தகம் எங்கே இருக்கிறது என்று தேட ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலி இருக்கிறது. நம்ம மாநிலத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கேயும் பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

பிராண்டு மாற்றும்போது பொதுப்பெயரும் மில்லிகிராமும் அப்படியே இருக்க வேண்டும். தைராய்டு, வலிப்பு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்க.

வீட்டு வாசலுக்கு வரும் மருந்து

செல்போனில் ஆர்டர் போட்டு மருந்து வாங்குவது இப்போது சாதாரணம். வெளியே போக முடியாத பெரியவர்களுக்கு உதவியும்கூட. ஆனால் கவுண்டரில் நின்று பார்க்கிற அந்த அரை நிமிஷம் இதில் இல்லை. அதனால் பார்சலைப் பிரித்ததும் பாருங்க. பெயர், மில்லிகிராம், பேட்ச், காலாவதி, மூடியின் சீல். இன்சுலின் என்றால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வர வேண்டும். வெயிலில் சூடாகி வந்தாலோ, உறைந்து போயிருந்தாலோ வாங்காதீங்க. நிறம் மாறவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சீட்டு கேட்காமலே ஆன்டிபயாடிக் அனுப்புகிறேன் என்று சொல்லும் கடை, வசதியான கடை இல்லை, ஆபத்தான கடை. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். சில முக்கியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் இருக்கிறது. கடைக்காரர் உங்க பெயரையும் டாக்டர் பெயரையும் கேட்டால் எரிச்சல்படாதீங்க. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

சமூக வலைதள விளம்பரத்தைப் பார்த்து மருந்துக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் நிறுத்தப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

செயலியால் கேட்க முடியாத கேள்வி

‘ஏற்கெனவே வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ ‘வயிற்றுப்புண் இருக்கா?’ ‘கர்ப்பமா இருக்கீங்களா?’ முகத்தைப் பார்த்து இதைக் கேட்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். மெடிக்கலில் அவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் படித்த படிப்பு எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் இல்லை. சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. இது புரியவில்லை என்றால் கவரின் மேல் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. கேட்பது உங்க உரிமை. போனில் வந்த பழைய சீட்டின் படத்தைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தை வாங்காதீங்க.

புகார் என்றால் எங்கே?

மருந்து சாப்பிட்டதும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் முதலில் மருத்துவமனை. அவசரம் என்றால் 108. பிறகு பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதிகபட்ச விலையைத் தாண்டி வாங்கினால் 1800-111-255. மருத்துவ ஆலோசனைக்கு 104. மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால் உங்க மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுக்கும்போது பேட்ச் நம்பரைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘வெள்ளை கலர் மாத்திரைங்க, அந்த முக்குக் கடையில வாங்கினது’ என்று மட்டும் சொன்னால் அதிகாரியால் எங்கே தேட முடியும்? நம்பரும் பில்லும் இருந்தால், அதே பேட்ச் போன எல்லாக் கடைகளுக்கும் அவர்களால் போக முடியும். உங்க வீட்டில் தொடங்கிய புகார், நீங்க பார்த்தே இராத ஒரு ஊரில் ஒரு குழந்தைக்கு உதவலாம். மீதி இருக்கிற மருந்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஆய்வகத்துக்கு அது வேண்டும்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய ஒரு வேலை. போனில் ‘மருந்து’ என்று ஒரு ஆல்பம் தொடங்குங்க. வீட்டில் இப்போது யார் என்ன மருந்து எடுத்துக்கொண்டு இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் மூன்று போட்டோ: டாக்டர் சீட்டு, கடை பில், அட்டையின் பின்பக்கம். அப்பா, அம்மா, மாமியார், மாமனார் எல்லாருடைய மருந்துக்கும் சேர்த்து எடுங்க. அவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் இருக்கிறதே. நடு இரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் ‘என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?’ என்று கேட்டால், அந்த ஆல்பத்தைக் காட்டுங்க.

இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். படித்து முடித்த கையோடு தொடங்கிடுங்க.